மலையில் மழை என்று சொன்னால்

சேலம் அஸ்தம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஒருவர் சேர்வராயன் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “மலையில மழைங்க” என்கிறார். இரண்டே சொல். மொழிக்கும் உலகத்துக்கும் என்ன உறவு, ஒரு கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விகளுக்குள் நுழைய இந்த இரண்டு சொல்லே போதும். தத்துவம் படித்திராதவர்களுக்காக எழுதுகிறேன். முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அவர் சொன்னது உண்மையா என்பதை அவரும் தீர்மானிப்பதில்லை, கேட்டவரும் தீர்மானிப்பதில்லை. மேலே மழை பெய்தால் உண்மை, பெய்யாவிட்டால் பொய். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வதுதான் உண்மை, மாற்றிச் சொல்வது பொய் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். போலந்துத் தர்க்கவியலாளர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933-இல் இதற்குக் கச்சிதமான வடிவம் கொடுத்தார். அவர் காட்டிய உதாரணம் பனியின் வெண்மை பற்றியது. நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினால் இப்படி வரும்: ‘மலையில் மழை பெய்கிறது’ என்ற வாக்கியம் உண்மையாவது, மலையில் மழை பெய்தால், பெய்தால் மட்டுமே.

சொன்னதையே திருப்பிச் சொன்ன மாதிரி இருக்கும். மேற்கோள் குறியைக் கவனியுங்கள். குறிக்குள் இருப்பவை சொற்கள். வெளியே இருப்பது ஆளை நனைக்கிற மழை. ஒரு பக்கம் மொழி, மறுபக்கம் உலகம், நடுவில் ஒரு பாலம். தொல்காப்பியத்தில் ஒரு சூத்திரம் உண்டு: “பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும் சொல்லின் ஆகும் என்மனார் புலவர்.” சொல்லால் பொருளையும் அறியலாம், அந்தச் சொல்லையே சுட்டவும் செய்யலாம் என்பது அதன் கருத்து. டார்ஸ்கி மேற்கோள் குறி போட்டுப் பிரித்துக் காட்டியதும் இந்த இரண்டையும்தான். நம் இலக்கணத்தைப் பள்ளியில் மனப்பாடச் சூத்திரமாகவே தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அதற்குள் இவ்வளவு கூர்மையான சிந்தனை இருக்கிறது.

இன்னொரு கூற்றை எடுத்துக்கொள்வோம். ‘கஞ்சமலையில் இரும்பு இருக்கிறது.’ 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பகுதித் தாது போனது. அதற்கு எத்தனையோ யுகம் முன்பே, மனிதக் கால் படாத காலத்திலேயே, அந்தப் பாறைக்குள் மேக்னடைட் என்ற இரும்புத் தாது இருந்தது. சொல்ல ஆளில்லை, தெரிந்தவர் யாருமில்லை. அதனால் இரும்பு இல்லாமல் போய்விடவில்லை. உண்மை உலகத்தைப் பொறுத்தது. அதைப் பற்றி நமக்குள்ள உறுதி, நம் கையிலுள்ள ஆதாரத்தைப் பொறுத்தது. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால், மொழியையும் உண்மையையும் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

வாக்கியமும் கூற்றும்கூட ஒன்றில்லை. ஏற்காட்டிலிருந்து அக்கா போனில் “இங்க மழை” என்கிறாள். சேலத்திலிருந்து தம்பி “இங்கயும் மழைதான்க்கா” என்கிறான். ‘இங்கே மழை’ என்ற வாக்கியம் ஒன்றுதான். அது சொல்லும் செய்தி இரண்டு. ஒன்று உண்மையாக, மற்றது பொய்யாக இருக்கலாம். உண்மை, பொய் என்ற தீர்ப்பு சொற்களின் வரிசைக்குக் கிடைப்பதில்லை. யார், எங்கே, எப்போது, எதைச் சுட்டிச் சொன்னார் என்பதெல்லாம் சேர்ந்து உருவாகும் செய்திக்குத்தான் கிடைக்கிறது. அந்தச் செய்தியைத்தான் கூற்று என்கிறோம்.

கூற்று எப்படி உலகத்தைத் தொடுகிறது? ஆஸ்திரியாவில் பிறந்த தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் இளம் வயதில் ஒரு பதில் சொன்னார். பாரிஸில் ஒரு வாகன விபத்து வழக்கு. நீதிமன்றத்தில் பொம்மை வண்டிகளையும் பொம்மை மனிதர்களையும் வைத்து விபத்து நடந்த விதத்தைக் காட்டினார்களாம். அதைப் படித்த அவர் 1914-இல் தன் குறிப்பேட்டில் அதை எழுதிவைத்தார். பொம்மைகள் நிற்கும் ஒழுங்கு, வண்டிகள் நின்ற ஒழுங்கைக் காட்டுகிறது. வாக்கியமும் அப்படித்தான், சொற்கள் சேர்ந்திருக்கும் விதம் பொருள்கள் சேர்ந்திருக்கும் விதத்தின் படம் என்றார். 1921-இல் வெளிவந்த அவருடைய நூலின் நடுநாயகமான எண்ணம் இது. பிற்காலத்தில் அவரே இதைவிட்டு நகர்ந்து, சொல்லின் பொருள் அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது என்றார். “மழை வருது” என்று அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டால், மாடியில் காயும் துணியை எடு என்று அர்த்தம். அதை வானத்தின் படமாக மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

படம் என்ற கருத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நாமக்கல் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது’ என்ற கூற்று 1996 டிசம்பரில் உண்மை. 1997 ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது, அன்றிலிருந்து பொய். தர்மபுரிக்கு 1965-இல் இதுவே நடந்தது. நாமக்கல் கோட்டைப் பாறை ஒரு அங்குலம் நகரவில்லை. ஆனால் அரசாணை ஒன்று உலகத்தின் ஒரு பகுதியையே மாற்றிவிட்டது. மாவட்டம், பட்டா, கல்யாணம், ரூபாய் நோட்டு எல்லாம் இந்த வகை. மனிதர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்வதால் இருப்பவை. ஏற்றுக்கொண்டபின் அவையும் உண்மைகளே. தாலுகா ஆபீசில் போய் நின்றால் அவற்றின் கனம் தெரியும்.

இல்லாத பொருளைப் பற்றிப் பேசினால்? ‘சேலம் துறைமுகத்துக்கு இன்று கப்பல் வந்தது.’ சேலத்தில் கடலே இல்லை. இது பொய்யா? அப்படியானால் ‘சேலம் துறைமுகத்துக்கு இன்று கப்பல் வரவில்லை’ என்பது உண்மையாகிவிடுமா? அதுவும் கோணலாகவே இருக்கிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1905-இல், முதல் வாக்கியத்துக்குள் ‘சேலத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது’ என்ற கூற்று மறைந்திருக்கிறது, அது பொய்யானதால் முழுவதும் பொய் என்றார். இன்னொரு ஆங்கிலத் தத்துவ அறிஞர் பீட்டர் ஸ்ட்ராசன் 1950-இல் மறுத்தார்: துறைமுகம் இல்லை என்றால் உண்மை, பொய் என்ற பேச்சே எழுவதில்லை என்றார். எனக்கு ஸ்ட்ராசன் பக்கம்தான் இயல்பாகப் படுகிறது. நேரில் யாராவது அப்படிச் சொன்னால் “பொய்” என்று சொல்ல மாட்டோம், “சேலத்துல ஏதுங்க துறைமுகம்?” என்றுதான் கேட்போம்.

இனி நிச்சயமின்மைக்கு வருவோம். இங்கேதான் நிதானமாகப் போக வேண்டும்.

மாசி, பங்குனியில் மலைச் சரிவுகளில் சருகு காய்ந்து கிடக்கும். சில நாள் காட்டுத்தீ பிடிக்கும். கீழிருந்து பார்த்தால் வெள்ளையாக ஏதோ எழும். புகையா, மேகமா? இந்திய மரபில் தர்க்கப் பாடமே ஏறத்தாழ இந்தக் காட்சியில் ஆரம்பிக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அனுமானத்தின் உறுப்புகளைச் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், உதாரணம். பிறகு அதை இந்த மலையோடு பொருத்தி முடிவு கட்டுவது. நெருப்பை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது புகையை. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும் என்பது அடுக்களையில் கிடைத்த அனுபவம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கூற்று நிற்கும்.

ஆகவே கூற்றை ஆட்டிப்பார்க்க இரண்டு இடம் இருக்கிறது. எழுந்தது புகைதானா? புகை என்றாலே நெருப்பு என்ற தொடர்பு எப்போதும் பிசகாததா? “நெருப்பு இருக்குதா இல்லையா” என்று கத்திச் சண்டை போடுவதைவிட, எந்தக் கண்ணி பலவீனமானது என்று கேட்பது நல்லது.

இதில் நுட்பமான திருப்பம் ஒன்று உண்டு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் ஒரு நிலைமையை விவரித்தார். ஓரிடத்தில் இறைச்சி வாட்டுவதற்காகத் தீ மூட்டியிருக்கிறார்கள். இன்னும் புகை எழவில்லை. இறைச்சி வாசனைக்கு மேலே பூச்சிக் கூட்டம் மொய்க்கிறது. தூரத்தில் இருப்பவன் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று முடிவு கட்டுகிறான். அவன் நினைத்தது உண்மை, நெருப்பு இருக்கிறது. அவனுக்கு அது தெரியும் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. அதிர்ஷ்டத்தில் பலித்தது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் எட்மண்ட் கெட்டியர் 1963-இல் மூன்று பக்கக் கட்டுரையில் இதே வகைச் சிக்கலை எழுப்பினார். இன்றும் அறிவைப் பற்றிய எந்தப் பாடமும் அதைத் தொடாமல் போவதில்லை. தர்மோத்தரர் அதை ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியே பார்த்திருக்கிறார். உண்மை வேறு, உறுதி வேறு என்றேன். இரண்டும் ஒருவனிடம் சேர்ந்திருந்தாலும் அறிவாகிவிடாது. உறுதிக்கான காரணம் அந்த உண்மையோடு இணைந்திருக்க வேண்டும்.

தவறும் ஒரே வகை இல்லை. மணிமேகலையின் 27-ஆம் காதையில் வரும் அளவைவாதி, அதாவது அறியும் வழிகளை ஆராயும் தர்க்கவாதி, அறிவு பிழைபடும் வகைகள் எட்டைச் சொல்கிறார். கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல்; ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. இது தறியா (நட்டுவைத்த கட்டையா), ஆளா என்று தீர்மானிக்க முடியாமல் நிற்பது ஐயம். ஆராயாமல் தறியை ஆள் என்றே முடிவு கட்டிவிடுவது தேராது தெளிதல். இந்த மூன்றாவதும் முதலாவதும் பிழை. நடுவில் இருக்கும் ஐயமோ நேர்மையான நிலை. இன்னும் பார்க்க வேண்டும் என்று ஆளைத் தூண்டுவது அதுதான். அவர் மூன்றையும் ஒரே பட்டியலில் வைத்தாலும், ஐயத்துக்கு நான் தனி மரியாதை கொடுப்பேன்.

மேட்டூர் அணைச் செய்தியிலும் இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படுகிறது. ‘நீர்மட்டம் 120 அடி’ என்பதை அளவுகோலைப் பார்த்துச் சொல்கிறார்கள். ‘நீர் இருப்பு 93.47 டிஎம்சி’ என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மட்டத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அணை திறந்தது 1934-இல். அதற்குப் பிறகு அடியில் படிந்த வண்டலும் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகின்றன, ஆனால் இரண்டாவதன் உறுதி முதலாவதற்கு இல்லாத ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது.

சித்திரை, வைகாசியில் சின்னக்கடை வீதிப் பக்கம் போனால் மாம்பழக் கூடைகளுக்கு நடுவே இன்னொரு வகை வாக்கியம் காதில் விழும்.

“இது இனிக்குமாங்க?”

“சேலத்து மல்கோவாங்க, இனிக்காம எங்க போவும்?”

வீட்டுக்குக் கொண்டுபோய் அறுத்தால் ஒன்று புளிக்கிறது. கடைக்காரர் பொய் சொன்னாரா? ‘எல்லாச் சேலத்து மல்கோவாவும் இனிக்கும்’ என்று சொல்லியிருந்தால், ஒரே ஒரு புளித்த பழம் அந்தக் கூற்றைப் பொய்யாக்கிவிடும். ஆயிரம் இனித்த பழம் வந்தாலும் அதை முழுதாக நிரூபிக்காது. ஆயிரத்தொன்றாவது பழம் இன்னும் அறுபடாமல் இருக்கிறது. தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் அறிவியலின் அடிப்படையாகப் பார்த்தது இந்தச் சமமின்மையை. ஆனால் ‘சேலத்து மாம்பழம் இனிக்கும்’ என்ற பொதுவான பேச்சு ‘எல்லாம்’ என்று சொல்லவில்லை. ‘பெரும்பாலும்’ என்றும் சொல்லவில்லை. இந்த வகைக்கு இயல்பு இது என்கிறது. புளித்த பழத்தைத் தாங்கிக்கொண்டும் அது நிற்கும். வசதிதான், ஆபத்தும் அதில்தான். ‘அந்த ஊர்க்காரங்க அப்படித்தான்’ என்ற பேச்சும் இதே இலக்கணத்தில் ஓடுகிறது. எத்தனை எதிர் உதாரணம் காட்டினாலும் அசையாது. இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால், எல்லோருமா, எத்தனை பேர், எப்படித் தெரியும் என்று கேட்டே தீர வேண்டும்.

வேறொரு நிச்சயமின்மை இருக்கிறது. அது நம் அறியாமையால் வருவதில்லை. ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிறது. ‘மூடுபனி இருக்கிறது’ என்பது உண்மையா? ஏரி, கரை, ஈரம், வெளிச்சம் எல்லாம் உங்கள் கண்முன் இருக்கின்றன. இன்னும் எதைத் தெரிந்துகொண்டால் சந்தேகம் தீரும்? எதுவும் இல்லை. அந்தச் சொல்லுக்கே கூரான ஓரம் கிடையாது. கிரேக்க அறிஞர் யூபுலிடீஸின் பெயரில் வழங்கும் மணற்குவியல் புதிர் இதுதான்: குவியலிலிருந்து ஒவ்வொரு மணலாக எடுத்துக்கொண்டே போனால், எந்த மணலோடு குவியல் குவியலாக இல்லாமல் போகிறது?

வானிலைத் துறையினர் இதைத் தீர்க்கும் வழி, கோடு போட்டுவிடுவது. கண்ணுக்குத் தெரியும் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் கனமழை. 64.4 பெய்தால் மிதமான மழை. ஒரு ஓடையில்கூட அந்த 0.1 மில்லிமீட்டர் தெரியாது. கோடு இயற்கையில் இல்லை. எச்சரிக்கை கொடுக்கவும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் நாம் போட்டுக்கொண்டது. போட்டபிறகு ‘நேற்று ஏற்காட்டில் கனமழை’ என்பது மழைமானியைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கூற்றாகிவிடுகிறது. அன்றாடச் சொற்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு எங்கோ இருக்கிறது, நமக்கு அதை அறிய வழியில்லை என்று வாதாடும் தத்துவவாதிகளும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. கோட்டை யாரும் போடாதபோது அது எங்கிருந்து வரும்?

நாளையைப் பற்றிய கூற்று இன்னும் வேறு மாதிரி. ‘நாளை ஏற்காட்டில் மழை பெய்யும்.’ இது இப்போதே உண்மையா? அரிஸ்டாட்டில் நாளைய கடற்போரை வைத்து இதைக் கேட்டார். போர் நடக்கும் அல்லது நடக்காது என்பது இன்றே நிச்சயம். ஆனால் ‘நடக்கும்’ என்பது இன்றே உண்மை என்றால், நாளை நடப்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றாகும். யோசிப்பதற்கும் முயற்சிக்கும் பொருளே இல்லாமல் போகும். உண்மை, பொய் இரண்டோடு மூன்றாவது மதிப்பு ஒன்று வேண்டும் என்று 1920-இல் போலந்துத் தர்க்கவியலாளர் லுகாசியேவிச் முன்வைத்த தர்க்கத்துக்கு இந்தக் கேள்விதான் தூண்டுதல்.

வானிலை அறிக்கை இதைப் பக்குவமாகக் கையாள்கிறது. “சேலம், தர்மபுரி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்ய வாய்ப்புள்ளது.” ‘ஓரிரு இடங்களில்’ என்பது மழுப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாத இடங்களில் மழை என்பது அதற்கு வகுத்த பொருள். ‘வாய்ப்பு’ என்பதும் அளக்கக்கூடியதே. ஒருவர் ‘70 சதவீத வாய்ப்பு’ என்று சொன்ன ஒரு நாளில் மழை வராவிட்டால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அவர் 70 சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்து எடுங்கள். பத்தில் ஏறத்தாழ ஏழு நாள் மழை பெய்திருந்தால் அவர் தன் உறுதியைச் சரியாக எடைபோட்டிருக்கிறார். இப்படி மதிப்பெண் போட அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரயர் 1950-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஒற்றைக் கூற்றைச் சோதிக்க முடியாத இடத்தில், சொல்பவரின் பழக்கத்தைச் சோதிக்கிறோம்.

எவ்வளவு உறுதி என்பதைச் சொல்லத் தமிழில் தாராளமாக வசதி இருக்கிறது. ‘பெய்யுது’ என்றால் பார்த்துச் சொல்கிறேன். ‘பெய்யுது போல’ என்றால் அறிகுறியை வைத்துச் சொல்கிறேன். ‘பெய்யுதாம்’ என்றால் கேட்டுச் சொல்கிறேன். தொல்காப்பியம் ஐயத்தைச் சொல்வதற்கே விதி வைத்திருக்கிறது: வருவது ஆணா, பெண்ணா என்று பால் தெரியாவிட்டால் பன்மையில் சொல். மூடுபனியில் வளைவு திரும்பும்போது எதிரே உருவம் தெரிந்தால் “யாரோ வர்றாங்க” என்று நாம் எல்லோரும் இன்றும் அந்த விதிப்படியே பேசுகிறோம்.

இந்த நுணுக்கம் தொலைந்துபோகும் இடம் வாட்ஸ்அப். மழைக்காலத்தில் இப்படி ஒன்று சுற்றும்: ‘ஏற்காடு ரோட்டில் இன்று மண்சரிவு, போக்குவரத்து நிறுத்தம். அனைவருக்கும் பகிரவும்.’ முதலில் எழுதியவர் கண்ணால் பார்த்திருக்கலாம். அடுத்தவர் கேள்விப்பட்டவர், அவர் பேசியிருந்தால் ‘மண்சரிவாம்’ என்றிருப்பார். பகிரும்போது அந்த ‘ஆம்’ விழுந்துவிடுகிறது. ‘இன்று’ என்ற சொல்லோ எல்லா நாளும் தன்னை அன்றைய நாளாகவே காட்டிக்கொள்ளும். போன வருஷத்து மண்சரிவும் இன்றைக்கு நடந்ததாகிவிடும்.

அதே செய்தியை இப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: தேதி போட்டு, ‘காலை ஏழு மணிக்கு, கீழிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் பாறை விழுந்து கிடப்பதை நேரில் பார்த்தேன். குப்பனூர் வழி திறந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.’ தவறாகிப்போக இதில் எத்தனை இடம்! தேதி தவறலாம், நேரம் தவறலாம், வளைவு தவறலாம். ஒவ்வொன்றையும் யாராவது போய்ச் சரிபார்க்கலாம். அதனால்தான் இது முதல் செய்தியைவிட அதிகம் சொல்கிறது. ‘மலைப்பக்கம் ஏதோ நடந்திருக்கலாம், பார்த்துப் போங்க’ என்ற வாக்கியம் எந்த நாளும் பொய்யாகாது. அதைப் படித்துவிட்டு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவதா, குப்பனூர் பக்கம் திருப்புவதா என்று எந்த டிரைவராலும் முடிவெடுக்க முடியாது.